முழுப் பெயர்: நீலமலைப் பெயர்கள் பற்றி ஒரு வரலாற்றுச் சிந்தனை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டனர். எதைப் பற்றி எழுதலாம் என்று எண்ணியவாறே நம் கூட்டங்களின் வருகைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். அதிலுள்ள கையொப்பங்களிற் பாதிக்கு மேற்பட்டவை புனைபெயர்கள். மலையும் முகிலும் அருவியும் அதில் வரிசையாக வந்து கையொப்பமிட்டிருந்தன. பெற்றோர் இட்ட பெயரை ஒதுக்கி வைத்துவிட்டுத் தமக்குப் பிடித்த பெயரைச் சூடிக்கொள்ளும் உரிமை கவிஞர்க்கு உண்டு. அவ்வுரிமையை நாம் மதிக்கிறோம். சில புனைபெயர்களை முதன்முறை கேட்டபோது கூட்டத்தில் எழுந்த சிரிப்பும் நம் அனைவர்க்கும் நினைவிருக்கும். அச்சிரிப்பில் பகை இல்லை. பெயருக்குரியவரும் சேர்ந்தே சிரித்தார்.

பெயரைக் கேட்டுச் சிரித்தது என்றவுடன் என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பு இவ்வாறானதன்று. அதைச் சொல்லி, பின் இம்மலையின் பெயர் வரலாற்றுக்குள் செல்வது பொருத்தமாகும் என்று எண்ணுகிறேன்.

தோட்டத்துப் பள்ளி

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுள் 6 முதல் 12 வயதிற்குட்பட்டோர் 25 பேருக்கு மேல் இருப்பின் அவர்களுக்குக் கல்வி வசதி செய்து தரவேண்டும் என்னும் விதிக்கு இடமளித்தது. குன்னூர்ப் பகுதியில் அவ்வாறு நடந்துவந்த சிறிய பள்ளி ஒன்றில், 1980-களின் இறுதியில் நான் படித்தேன். என் தந்தையார் தோட்ட அலுவலகத்தில் கணக்கர். தகரக் கூரை, மழை பெய்தால் ஆசிரியரின் குரல் கேளாமை, ஈரக் கம்பளியின் வாடை ஆகியவை நினைவில் உள்ளன. மூன்றாம் வகுப்பா, நான்காம் வகுப்பா என்பது தெளிவாக இல்லை.

புதிதாக வந்த ஆசிரியை ஒருநாள் வருகைப் பதிவேட்டைப் படித்தார். ஒரு பெயருக்கு மட்டும் யாரும் எழவில்லை. இரண்டாம் முறையும் படித்தார். கடைசி வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தியைப் பக்கத்திலிருந்தவள் இடித்து எழுப்பினாள். பதிவேட்டில் இருந்த பெயர் தன்னுடையது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பெண் அவள்.

“உன் முழுப் பேரு என்னம்மா?” என்று ஆசிரியை கேட்டார்.

“முழுப் பேரு அப்பாயிக்குத்தான் விழும் டீச்சர். அம்மாவுக்கு அரைப் பேருதான் விழுந்துச்சாம்” என்றாள் அவள்.

வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டார். பேர் எப்படி விழும்? பேரில் பாதி எப்படி இருக்கும்? அன்று முதல் அவளுக்கு ‘அரைப்பேரு’ என்னும் பெயர் நிலைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். சில மாதங்களுக்குப் பின் அவள் பள்ளிக்கு வரவில்லை. அக்குடும்பம் வேறிடம் சென்றதோ, அவள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாளோ, அறியேன். நாங்கள் சூட்டிய பட்டப்பெயர் நினைவில் இருக்கிறது. அவளுடைய உண்மைப் பெயர் ‘ஆயி’ என முடியும் என்பதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

பெயரைக் கேட்டு எழும் சிரிப்புக்குப் பெரும்பாலும் அறியாமையே காரணம். இவ்வறியாமைக்கு இந்நீலமலையில் நெடிய வரலாறு உண்டு. அதிற் சிரிப்பவரும் சிரிக்கப்படுபவரும் அவ்வப்போது இடம் மாறியிருக்கின்றனர்.

கேட்ட செவியும் எழுதிய கையும்

இம்மலையைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டாகும். போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் என்பான் தோதரை அச்சுறுத்தியதையும் நீலமலையைக் கைக்கொண்டதையும் அது கூறுகிறது. தோதவர் என்னும் மக்களின் பெயர் ஏட்டில் ஏறும்போதே, அவர்களை அச்சுறுத்தியவனின் வெற்றிக் கணக்கில் ஒரு பகுதியாக ஏறியது என்பது கருதத்தக்கது. எழுதும் வசதி யாரிடம் இருந்ததோ அவர் எழுதியதே பெயராயிற்று.

ஏழு நூற்றாண்டுகள் கழித்துக் கோயம்புத்தூர் ஆட்சியராகிய ஜான் சலிவன் 1819-இல் மலையேறினார். அதன்பின் ஆங்கிலேயரின் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் இம்மலையின் ஊர்ப்பெயர்கள் இடம்பெறத் தொடங்கின. 1821-இல் சென்னை இதழ் ஒன்றுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் இன்றைய உதகையின் பெயர் ‘வோட்டோக்கிமண்ட்’ என்பது போன்ற ஒலிப்பில் காணப்படுகிறது. பின்னர் அது ‘ஊட்டகமண்ட்’ ஆகி, ‘ஊட்டி’ எனத் தேய்ந்தது. தோதவரின் குடியிருப்பு ‘மந்து’ எனப்படும். ‘ஒற்றைக்கல் மந்து’ என்பதே இப்பெயரின் மூலம் என இங்குள்ளோர் விளக்கம் கூறுவர். மூலம் எதுவாயினும் அதன் இறுதியில் ‘மந்து’ இருப்பதில் ஐயமில்லை.

‘வோட்டோக்கிமண்ட்’ என்று படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆயின் நாம் செய்தது என்ன? அதே ஊரை ‘உதகமண்டலம்’ என்று எழுதினோம். உதகம் என்றால் நீர். மண்டலம் என்றால் வட்டம் அல்லது நாடு. பெயர் கம்பீரம் பெற்றது, மந்து மறைந்தது. எருமை மேய்க்கும் மக்களின் சிற்றூர்ப் பெயர் வடசொல் அணிந்து நகரப் பெயராயிற்று. கோத்தகிரியின் கதையும் இதுவே. அது கோத்தர் வாழும் கேரி, ‘கோத்தகேரி’. கேரி என்றால் தெரு, சேரி. மலைமேல் இருக்கும் ஊருக்குக் ‘கிரி’ என்பது இயல்பாகத் தோன்றியமையால் கேரி கிரியாயிற்று. மட்கலமும் இரும்புக் கருவியும் செய்து, மலைமக்கள் அனைவர்க்கும் இசைக்கருவி வாசித்துத் தந்த கோத்தரின் தெரு, பெயரளவில் ஒரு மலையாகிவிட்டது. ஆங்கிலேயர் காதால் பிழைபடக் கேட்டனர். நாம் கேட்டதைத் திருத்தி அழகுபடுத்தினோம். இரண்டிலும் மூலப்பெயருக்கு உரியவரை யாரும் கேட்கவில்லை.

செவி எவ்வாறு தன் மொழியையே எங்கும் கேட்கிறது என்பதற்கு இதற்கு நேர்மாறான சான்றும் இம்மலையில் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் இருப்புப்பாதை 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் திறக்கப்பட்டது. இடையில் ஒரு சிறு நிலையத்தின் பெயர் ‘ரன்னிமீட்’. இங்கிலாந்தின் தேம்சு ஆற்றங்கரையில் உள்ள புல்வெளியின் பெயர் அது. 1215-இல் ஜான் மன்னன் உரிமைப் பெரும்பட்டயத்துக்கு இசைந்தது அங்கேதான். அப்பெயரை நம் மக்கள் ‘ரன்னிமேடு’ என்று ஆக்கிவிட்டனர். ஆங்கிலத்தில் அது தாழ்ந்த புல்வெளி. தமிழில் அது மேடு. மலைச்சரிவில் நிற்பவனுக்கு மேடு என்பதே பொருத்தமாகப் பட்டிருக்கும். இன்றைக்கும் செய்தித்தாள்கள் ‘ரன்னிமேடு’ என்றே எழுதுகின்றன.

இப்பெயர் மாற்றம் நமக்கு நகைச்சுவை. ஆனால் உரிமைப் பட்டயத்தின் பெயர் தாங்கிய அவ்விடத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்தவர் நிலை நகைப்புக்குரியதன்று. முன்பணம் பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தை முறித்த தொழிலாளியைக் குற்றவாளியாகத் தண்டிக்க வழிசெய்த 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம், 1920-களில் நீக்கப்படும் வரை நடைமுறையில் இருந்தது. தன் ஊரின் உரிமை வரலாற்றை நினைவுகூர்ந்து பெயரிட்டவர், அப்பெயரின் கீழ் வேலை செய்பவரை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வந்து தங்கியவர் பெயர்கள் இம்மலையெங்கும் நிலைத்தன. ஜக்கதளா என்னும் படகர் ஊரின் பெயரால் வழங்கிய படைமுகாம், 1860-ஆம் ஆண்டளவில் ‘வெலிங்டன்’ ஆயிற்று. 1858-இல் இங்கு வந்து தங்கிய கானிங் பெருமாட்டியின் பெயரில் ஒரு காட்சிமுனை உள்ளது. மலைப்பாதை அமைப்பித்த படை அதிகாரி லா என்பவரின் பெயரில் ஓர் அருவி உள்ளது. சிம் என்பவரின் பெயரில் குன்னூர்ப் பூங்கா உள்ளது. மலை இருப்புப்பாதையில் 208 வளைவுகளும் 250 பாலங்களும் 16 குகைவழிகளும் இருக்கின்றன. அவற்றை வெட்டியும் சுமந்தும் அமைத்த கூலியாட்களின் பெயரில் ஒரு வளைவு கூட இல்லை.

ஒன்றை மட்டும் மக்கள் தம் விருப்பப்படி அழைத்தனர். சலிவன் உதகையில் கட்டிய ‘ஸ்டோன் ஹவுஸ்’ என்னும் வீட்டுக்கு மக்கள் இட்ட பெயர் ‘கல் பங்களா’. இன்று அது அரசு கலைக்கல்லூரி வளாகத்துள் இருக்கிறது. தோதவரின் நிலவுரிமைக்காகச் சென்னை அரசோடு வாதிட்டவர் சலிவன் என்பதையும் நேர்மை கருதி இங்குக் குறிப்பிட வேண்டும்.

வெள்ளியும் பெள்ளியும்

தமிழ்ப் பிள்ளைகள் படித்த தோட்டத்துப் பள்ளியில் படகர் பிள்ளைகள் சிலரும் படித்தனர். அவர்களுடைய முன்னோர் பெயர்களைக் கேட்டு நாங்கள் சிரித்ததுண்டு. ‘பெள்ளி’ என்று ஒரு பெயரா? ‘ஹட்டி’ என்று ஓர் ஊரா? என்று வியந்தோம்.

முதுகலையில் திராவிட மொழி ஒப்பியல் படித்தபோதுதான் எனக்கு வெட்கம் உண்டாயிற்று. தமிழில் வகர முதலாக வரும் சொற்கள் பல கன்னடத்திலும் படக மொழியிலும் பகர ஒலியோடு வரும். ‘பெள்ளி’ என்பது வெள்ளி. வெள்ளியம்மாள், வெள்ளைச்சாமி என்று நம் வீடுகளில் வழங்கும் பெயர்களின் உடன்பிறப்பே அது. அவ்வாறே பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்தது. ‘ஹட்டி’ என்பது நம் ‘பட்டி’. உசிலம்பட்டியையும் ஆண்டிபட்டியையும் கேட்டுச் சிரிக்காதவர், ஹட்டியைக் கேட்டுச் சிரிக்கக் காரணமில்லை. தோதவரின் ‘மந்து’ என்பதும் நம் மன்று, மந்தை ஆகிய சொற்களோடு இனமாக வைத்து எண்ணத்தக்கது. மன்று என்பதற்கு அவை என்ற பொருளோடு பசுத்தொழுவம் என்ற பொருளும் உண்டென்பதை நிகண்டு பயின்றோர் அறிவர். தமக்கு அயலானவை என்று எண்ணிச் சிரித்த பிள்ளைகள் தம் சொந்தச் சொற்களையே கேட்டுச் சிரித்தனர்.

படகரின் முன்னெழுத்து முறையிலும் ஒரு நயம் உண்டு. பொதுவாழ்வில் புகழ்பெற்ற எச். பி. ஆரி கவுடர் அவர்களின் முதலெழுத்தாகிய ‘எச்’, ஹுப்பத்தலை என்னும் ஊரைக் குறிக்கும். ‘பி’ தந்தை பெள்ளி கவுடரைக் குறிக்கும். ஊர், தந்தை, தான் என்னும் மூன்றும் ஒரு பெயருள் அடங்குகின்றன. மலையின் இன்ன முடுக்கில் இன்ன குடும்பத்தவர் என்று அப்பெயர் தானே எடுத்துரைக்கும்.

இராஜம் கிருஷ்ணன் 1960-களின் தொடக்கத்தில் எழுதிய ‘குறிஞ்சித்தேன்’ நாவலின் நாயகன் பெயர் ஜோகி. பள்ளியில் நாங்கள் சிரித்திருக்கக்கூடிய பெயர்தான். நாவலைப் படித்து முடித்தவர்க்கு அது சிரிப்பை உண்டாக்காது. அம்மனிதனின் வீட்டையும் நிலத்தையும் துயரத்தையும் அறிந்துகொண்ட பின், பெயர் தன் அயல்தன்மையை இழந்துவிடுகிறது.

தன் பெயரைத் தான் சொல்லாமை

பெயரைப் பற்றி இம்மலையின் மூத்த குடியினர் கொண்டிருந்த கருத்து நம் பள்ளி முறைக்கு முற்றிலும் வேறானது. ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1901–1902-ஆம் ஆண்டுகளில் இங்குத் தங்கித் தோதவர் வாழ்வை ஆராய்ந்து 1906-இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். தோதவர் தம் பெயரைத் தாமே சொல்லத் தயங்குவர் என்பதையும், பெயர் என்ன என்று கேட்டால் அருகிலுள்ளவரைச் சொல்லுமாறு வேண்டுவர் என்பதையும், இறந்தோர் பெயரை உச்சரிக்க விரும்பார் என்பதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இத்தயக்கத்தை மூடப்பழக்கம் என்று தள்ளிவிடலாகாது. அவர்களுடைய வழிபாட்டில் பெயருக்கு இருந்த இடம் பெரிது. மந்துகள், எருமைகள், மலைகள் ஆகியவற்றுக்கு அன்றாட வழக்கில் ஒரு பெயரும் வழிபாட்டில் வேறொரு பெயரும் உண்டு. வழிபாட்டுப் பெயரைக் ‘குவர்ஸம்’ என்று ரிவர்ஸ் எழுதுகிறார். பால்மனையில் நடைபெறும் வேண்டுதலின் பெரும்பகுதி இப்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றின் பின்னும் ‘இதன் பொருட்டு’ என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்ப்பதேயாகும். பெயர்களின் வரிசையே அவர்க்கு வேண்டுதல். 1930-களில் இங்கு வந்து தோத, கோத்த மொழிகளை ஆராய்ந்த எமனோ என்னும் அறிஞர் தொகுத்த தோதப் பாடல்களிலும் இடப்பெயர்களும் குலப்பெயர்களும் செறிந்திருப்பதைக் காணலாம்.

பெயரை இத்துணை அருமையாகப் போற்றிய மக்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது, நாற்பது பேர் நடுவில் எழுந்து நின்று தம் பெயரை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. தயங்கியவரை மந்தபுத்தியினர் என்று எண்ணியிருப்போம். நம் பாட்டிமார் கணவன் பெயரைச் சொல்லாமல், எதிரே இருப்பவர் ஊகிக்குமாறு குறிப்புக் காட்டியதை நாமே கண்டிருந்தும், இந்தத் தயக்கத்தின் பொருள் நமக்கு விளங்கவில்லை.

அரைப் பேர்

இனி, என் பள்ளித்தோழியின் சொல்லுக்கு வருகிறேன்.

அவள் குடும்பம் எவ்வாறு நீலமலைக்கு வந்தது என்பதை முதலிற் காணல் வேண்டும். இலங்கையின் மலைத்தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர், 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டத்தால் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1949-இல் வந்த மற்றொரு சட்டம் விண்ணப்பிக்க வழி தந்தது. ஆனால் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று அது கேட்டது. எழுதப்படிக்க வாய்ப்பற்ற மக்களுக்குத் தோட்டத்துப் பதிவேடுகளே சான்றாக நிற்க வேண்டியிருந்தது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, நாடற்றோராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974-இல் முடிவு செய்தனர். 1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோகும் வரை, இராமேசுவரம் வழியாக மண்டபம் முகாமுக்குக் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. அவர்களுக்கு வேலை தரும் நோக்கத்தோடு தமிழ்நாடு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், 1970-களில் ‘டான்டீ’ என்னும் அரசுக் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் அவர்கள் குடியேறினர்.

அவர்கள் தம்மோடு கொண்டுவந்தவற்றுள் சொற்களும் உண்டு. காலையில் ஆட்கள் கூடிப் பெயர் கொடுக்கும் இடத்தை இங்கு ‘மஸ்டர்’ என்றால், அவர்கள் ‘பிரட்டு’ என்பர். இங்கு மேஸ்திரி, அங்குக் கங்காணி. இவற்றைப் போன்றதே ‘பேர்’ என்னும் சொல். தோட்டத்தின் செக்ரோலில் தொழிலாளியின் பெயருக்கு நேரே அன்றைய வேலை பதியப்படும். ஆகவே ஒருநாள் வேலைக்கும் அதற்குரிய கூலிக்கும் ‘ஒரு பேர்’ என்றே வழக்கு உண்டாயிற்று. குறித்த அளவு கொழுந்து பறித்தால் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுதும் நின்றவள் மாலையில் நிறுவையின்போது சில இறாத்தல் குறைந்தால், அன்று அவளுக்குப் பாதிப் பெயரே ஏட்டில் ஏறும்.

மலையக இலக்கியம் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு இது தெரியவந்தது. மலைநாட்டுக் கவிஞரும் 1947-இல் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான சி. வி. வேலுப்பிள்ளை அம்மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். அவர் வழியாக அவ்வுலகுக்குள் நுழைந்து, பிறர் எழுதிய கதைகளையும் படித்தபோது ‘அரைப்பேர்’ என்னும் சொல்லை அச்சில் கண்டேன். நூலை மூடி வைத்துவிட்டேன். அச்சிறுமி அன்று உளறவில்லை. ஆசிரியை கேட்ட கேள்விக்குத் தன் வீட்டு மொழியில் மிகச் சரியான விடையையே கூறினாள். அவளுடைய பாட்டி முழு அளவு கொழுந்து பறிக்கக்கூடிய கைதேர்ந்த தொழிலாளி. தாயார் பலவேளை குறைந்துவிட்டார். ஒரு குடும்பத்தின் உழைப்பு வரலாற்றை அவள் இரண்டு வாக்கியங்களில் சொன்னாள். நாங்கள் சிரித்தோம்.

ஓய்வு பெற்று வீட்டிலிருந்த என் தந்தையாரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். பெயர்களை எப்படி எழுதுவீர்கள் என்றேன்.

“காதுல விழுந்ததை இங்கிலீசுல எழுதுவோம்மா. துரைக்குப் படிக்க வசதியா இருக்கணுமே. ஒரே மஸ்டர்ல மூணு மாரியாயி இருப்பாங்க. அப்பன் பேரு, புருசன் பேரு சேர்ப்போம். அதுவும் ஒண்ணாயிருந்தா நம்பர்தான்” என்றார்.

சற்று நேரம் கழித்து, “சில பேரு நான் எழுதுனதாலேயே மாறிப்போயிருக்கும்” என்றும் சொன்னார். அவர் கொடியவர் அல்லர். பக்கத்தை நிரப்பி மாலைக்குள் கணக்கு முடிக்க வேண்டிய எழுத்தர். வீட்டில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று ஒருவரே நால்வராகப் பிரிந்து நிற்பது இவ்வாறுதான் நேர்கிறது. நால்வரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை, எழுதியவர் மேல் விழுவதில்லை. எழுதப்பட்டவர் மேல் விழுகிறது.

குப்பைக் கோழியார்

முதுகலை மாணவர்க்குக் குறுந்தொகை நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு சிரிப்பு எழும். குப்பைக் கோழியார் என்னும் பெயரை நான் சொல்லும் தருணம் அது. அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார், ஓரேருழவனார் என்று அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடும். நான் தடுப்பதில்லை. சிரித்து ஓய்ந்த பின் ஒரு கேள்வி கேட்பேன்: இவர்களுடைய உண்மைப் பெயர் என்ன? வகுப்பு அமைதியாகிவிடும்.

நமக்கு அவர் பெயர் தெரியாது. பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் தொலைந்தது. தொகுத்தோர் ‘பெயர் தெரியவில்லை’ என்று விட்டுவிடாமல், பாட்டில் சிறந்து நின்ற அவருடைய தொடரையே எடுத்து, அதன் ஈற்றில் ‘ஆர்’ சேர்த்துப் பெயராக்கினர். ஆதலின் குப்பையில் நிற்கும் கோழியும் முற்றத்தில் ஆடும் அணிலும் ஈராயிரம் ஆண்டுகளாக மதிப்போடு நிற்கின்றன.

இங்கே என் மனத்தை உறுத்தும் ஒற்றுமை ஒன்றுண்டு. என் பள்ளித்தோழிக்கும் நாங்கள் அவளுடைய சொல்லையே பெயராக இட்டோம். தொகுத்தோர் செய்ததும் நாங்கள் செய்ததும் முறையால் ஒன்றே. அவர்கள் சொல்லின் சிறப்பு அறிந்து ‘ஆர்’ விகுதி தந்தனர். நாங்கள் அதன் பொருள் அறியாமல் ஏளனம் தந்தோம். பெயர் விந்தையானதா, பெருமைக்குரியதா என்பது அப்பெயரில் இல்லை. கேட்பவர் அதன் பொருளைக் கேட்டறிந்தாரா என்பதில் இருக்கிறது.

குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிழைத்த பிள்ளைக்குக் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயரிட்டனர். காலன் கண் படாதிருக்க அவ்வாறு செய்தனர். பெண் மகவுகள் தொடர்ந்தபோது ‘போதும்பொண்ணு’ என்று பெயரிட்டனர். ஒன்றில் அன்பும் அச்சமும் உண்டு; மற்றொன்றில் கசப்பு உண்டு. இரண்டும் வகுப்பறையில் ஒரே சிரிப்பைத்தான் பெறுகின்றன. பெயருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று ஆசிரியர் ஒரு சொல் சொன்னால் போதும். நான் இப்போது ஒவ்வொரு கல்வியாண்டின் முதல் நாளிலும் மாணவரிடம், ‘பதிவேட்டில் உள்ளது இருக்கட்டும், வீட்டில் உன்னை எப்படி அழைப்பார்கள்? அப்பெயர் ஏன் வந்தது?’ என்று கேட்டு எழுதி வாங்குகிறேன். வியப்பூட்டும் வரலாறுகள் அவ்வேடுகளில் வருகின்றன.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

இலங்கையில் பிறந்து இம்மலைக்கு வந்தவருள் முதியோர் சிலரே இன்று நம்மிடையே உள்ளனர். ‘பேர் விழுதல்’, ‘பிரட்டு’ போன்ற சொற்களை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வழங்குவதில்லை. தோட்டங்களுக்கும் மலைமுகடுகளுக்கும் தொழிலாளர் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. படகர், கோத்தர், தோதவர், இருளர், குறும்பர் ஆகியோர் வழங்கும் இடப்பெயர்களைத் தொகுக்க அம்மக்களுள்ளேயே கற்றோர் இன்று இருக்கின்றனர். நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் அவர்களோடு சேர்ந்து ஒரு பெயர்த்தொகை உருவாக்குமாயின் அது பெரும்பணியாகும். பெயர் எழுதும்போது அதைச் சொன்னவரிடமே படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்டு எழுத வேண்டும். என் தந்தையாரின் தலைமுறைக்கு அதற்கு நேரம் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

நான் படித்த பள்ளி மூடப்பட்டுவிட்டது. அதன் பதிவேடுகள் எங்குள்ளன என்று அறியேன். கிடைத்தாலும் அச்சிறுமியின் பெயரை அவற்றில் அடையாளம் காண என்னால் இயலாது; அவளே அடையாளம் காணாத பெயர் அல்லவா அது. இம்மலர் எவ்வழியேனும் அவள் கைக்குச் சென்று சேருமாயின், அவளுடைய முழுப் பெயரை அவள் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்ள விரும்புகிறேன்.